வண்ணச் சுரங்கத்தில் நடக்கும் மனிதர்கள்... மொபைலில் அழகா எடுப்பது எப்படி?

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, கதவோரம் நின்று பாருங்கள். கொஞ்ச நேரம் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கூடவே வரும். தண்டையார்பேட்டையை நெருங்கும்போது ரயில் தரைக்கடியில் இறங்கிவிடும். வெளியே இருட்டு. கண்ணாடியில் உள்ளே இருப்பவர்களின் முகங்கள்தான் தெரியும். சைதாப்பேட்டை தாண்டியதும் மறுபடி வெளிச்சம். கடைசி ஸ்டாப், விமான நிலையம். 2021 பிப்ரவரியில் நீல வழித்தடம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, வடசென்னைக்காரர்கள் பெட்டியோடு ஒரே ரயிலில் ஏர்போர்ட் போய்விடலாம்.

அந்தப் பெட்டிக்காரர்களைப் பார்த்தால் யாருக்கும் கை தானாக மொபைலுக்குப் போகும். முதல் தடவை வெளிநாடு போகிறவர், வழியனுப்ப வந்த அம்மா, தோளில் தூங்கும் குழந்தை. எல்லாமே படம்தான். ஆனால், எப்படி எடுப்பது? அதைவிட முக்கியமாக, எதை எடுக்காமல் விடுவது?

முதலில் சிகாகோவுக்கு ஒரு விசிட்

இந்த மாதிரிப் படங்களுக்கு உலகப் புகழ் பெற்ற இடம், சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் 1-வது டெர்மினல். அங்கே இரண்டு பகுதிகளை இணைக்கும் சுரங்க நடைபாதையின் கூரை முழுக்க நியான் குழாய்கள். மைக்கேல் ஹெய்டன் என்ற கலைஞர் 1987-ல் அமைத்தது. சுமார் 227 மீட்டர் நீளத்துக்கு நிறங்கள் மாறிக்கொண்டே ஓடும். கீழே நகரும் நடைபாதையில் ஆட்கள் பெட்டியோடு போய்க்கொண்டே இருப்பார்கள். சிகாகோ வழியாகப் போகும் நம் ஊர் மாணவர்களின் ஸ்டேட்டஸில் இதை நீங்களே பார்த்திருக்கலாம்.

டெட்ராய்ட் விமான நிலையத்திலும் இப்படி ஒரு சுரங்கம் உண்டு. அங்கே சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி விளக்குகள், இசைக்கு ஏற்ப நிறம் மாறும். மாறும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர்களுக்காக, விளக்காட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க ஒரு பட்டனும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அழகாகத் தெரியும் வெளிச்சம் எல்லோருக்கும் சுகமானது இல்லை என்று யோசித்து வைத்த பட்டன் அது. சுரங்கத்தில் ஃப்ளாஷ் அடிக்கப் போகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இவ்வளவு ஆடம்பரம் இல்லை. ஆனால் பயிற்சிக்கு இடம் நிறைய இருக்கிறது. மெட்ரோவின் சுரங்க ஸ்டேஷன்கள், சென்ட்ரலில் ஆட்கள் ஓயாமல் கடக்கும் சுரங்கப்பாதை, திரிசூலம் ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி சாலைக்கு அடியில் ஏர்போர்ட் பக்கம் போகும் சுரங்கப்பாதை. நிறம் வேண்டுமா? மாசி பிரம்மோற்சவ சமயத்தில் தியாகராஜ சுவாமி கோயில் பக்கம் சீரியல் செட் கட்டுவார்களே, அதன் அடியில் ஒரு நண்பரை நடக்கவிட்டு எடுத்துப் பாருங்கள். கேமராவுக்கு இரண்டும் ஒரே பாடம்தான்.

மொபைல் ஏன் சொதப்புகிறது?

ஆட்டோ மோடில் எடுத்தால் மூன்று தவறுகள் நடக்கும்.

*நிறம் வெளுத்துப்போகும்.* இருட்டுச் சுரங்கம் என்று நினைத்து மொபைல் வெளிச்சத்தைக் கூட்டும். விளக்குகள் வெள்ளைக் கோடாகிவிடும். திரையில் விளக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். பிறகு வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள், விளக்கின் நிறம் திரும்பத் தெரியும்வரை. சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் கெட்டுப்போகும் நிறங்கள். அதனால் கொஞ்சம் இருட்டாகவே எடுத்தால் நல்லது. இருட்டைப் பிறகு எடிட்டில் தூக்கலாம். வெளுத்ததை மீட்க முடியாது.

*நிறம் மாறிப்போகும்.* நீல வெளிச்சத்தை 'சரிசெய்கிறேன்' என்று மொபைல் மஞ்சளைக் கலக்கும். புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை 4,500 கெல்வின் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். அதன்பின் எல்லாப் படமும் ஒரே குடும்பமாக இருக்கும்.

*கோடு கோடாக விழும்.* நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் கோடுகள் போய்விடும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 1/60 அல்லது 1/120. சில எல்.இ.டி-கள் இதற்கும் அடங்காது. அப்போது ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள்.

இன்னொன்று, நைட் மோடை ஆஃப் செய்யுங்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டும் வித்தை. நடந்துகொண்டிருக்கும் மனிதருக்கு மூன்று கால் முளைத்துவிடும். 0.5 வைடு லென்ஸையும் தவிருங்கள். பெரும்பாலான மொபைல்களில் நல்ல சென்சார் 1x-ல்தான் இருக்கும். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடைத்துவிடுங்கள். பாதிப் படங்களை மங்கலாக்குவது விரல் எண்ணெய்தான்.

நடையைப் படமாக்கும் கணக்கு

சாதாரணமாக நடப்பவர் விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்வார். அவர் குறுக்கே கடந்துபோகும்போது 1/125-ல் எடுத்தால், அந்த நேரத்தில் அவர் நகர்ந்திருப்பது ஒரு சென்டிமீட்டர்தான். படம் உறைந்து நிற்கும். 1/15-ல் ஒன்பது சென்டிமீட்டர்; ஆள் தெரிவார், முகம் கரையும். 1/4-ல் முப்பத்தைந்து சென்டிமீட்டர். வண்ணத்தில் ஒரு நிழல் ஓடிய மாதிரி இருக்கும். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். மெதுவான ஷட்டருக்குத் தூணில் சாய்ந்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சைவிட்ட கணத்தில் அழுத்துங்கள்.

நகரும் நடைபாதை இருந்தால் ஒரு செம டெக்னிக் இருக்கிறது. நீங்களும் அதில் ஏறி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் நடக்காமல் நிற்பவர் உங்களோடு அதே வேகத்தில் போகிறார். அதனால் கேமராவுக்கு அவர் அசையவே இல்லை. சுவரும் விளக்கும்தான் ஓடுகின்றன. 1/8-ல் எடுத்தால் அவர் தெளிவாக நிற்பார், சுற்றிலும் நிறம் ஆறாக ஓடும். மெட்ரோ எஸ்கலேட்டரிலும் இதைச் செய்யலாம். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். திரும்பி நின்று எடுக்கவே எடுக்காதீர்கள்.

முகம் அவங்களோடது

இப்போது ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மேலே சொன்ன நல்ல படங்கள் எதற்குமே முகம் தேவைப்படவில்லை. வெளிச்சம் பின்னால் இருந்தால் ஆள் நிழலுருவம் ஆகிறார். ஷட்டர் மெதுவானால் கரைகிறார். நடைபாதையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிகிறது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடித்த கை, பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கால். கதை அங்கேயே இருக்கிறது. படத்தை அழகாக்கும் அதே டெக்னிக்தான் அந்த மனிதரின் மானத்தையும் காப்பாற்றுகிறது.

இது ஏன் முக்கியம் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தவர்கள் நாம். படம் எங்கே போகிறது, கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்பது கூடைக்காரம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அதே வேலையை நாம் ஏர்போர்ட் போகிற ஒருவருக்குச் செய்யலாமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவர் வேலைக்காக துபாய் போகிறவராக இருக்கலாம், சாவுக்கு ஊர் திரும்புகிறவராகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது.

புகைப்பட வரலாற்றிலும் இரண்டு வழிகள் உண்டு. வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துவைத்துப் பயணிகளை எடுத்தார். ஆனால் அதைப் புத்தகமாக வெளியிட்டது 1966-ல். அதே ரயில்களில் 1980-களில் கலரில் எடுத்த புரூஸ் டேவிட்சன், தன் படங்களின் சின்ன ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பலரிடம் அதைக் காட்டிப் பேசி எடுத்தார். ஒளித்து எடுத்தவரே இருபத்தைந்து வருஷம் காத்திருந்தார். நம் கையில் இருக்கும் மொபைலில் அப்லோடு ஆக இருபத்தைந்து விநாடி போதும்.

முகம் வேண்டும் என்றால், கேளுங்கள். "அண்ணா, இந்த லைட்ல நீங்க நிக்கிறது நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" அவ்வளவுதான். சரி என்றால் எடுத்து, திரையில் காட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே, குப்பைத் தொட்டி ஃபோல்டரிலிருந்தும் அழியுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது?

விமான நிலையம் பாதுகாப்புப் பகுதி. சோதனை நடக்கும் இடம், குடியேற்றப் பிரிவு, பாதுகாப்புப் படையினர், கேமரா மானிட்டர்கள் பக்கம் மொபைலைத் திருப்பாதீர்கள். மெட்ரோவாக இருந்தாலும் ஏர்போர்ட்டாக இருந்தாலும் 'படம் எடுக்காதீர்' பலகை இருந்தால் அதோடு முடிந்தது. ஊழியர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். ட்ரைபாட், மாடல், விளம்பர ஷூட் எல்லாம் முன்அனுமதி வாங்க வேண்டிய சமாச்சாரம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பொது இடத்தில் நிற்கிறார் என்பதாலேயே ஒருவர் தன்னை நம்மிடம் ஒப்படைத்துவிட்டதாக ஆகாது.

போஸ்ட் போடும் முன் படத்தை ஜூம் செய்து பாருங்கள். போர்டிங் பாஸும் பெட்டியில் தொங்கும் டேகும் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். போர்டிங் பாஸின் பார்கோடில் பெயர், பி.என்.ஆர் எண் எல்லாம் இருக்கும்.

சுருக்கமாக

* லென்ஸைத் துடையுங்கள், 1x லென்ஸ், ஃப்ளாஷ், நைட் மோடு ஆஃப்.
* விளக்கின் மேல் லாக் செய்து, வெளிச்சத்தைக் குறையுங்கள்.
* ஒயிட் பேலன்ஸ் 4,500 கெல்வின் பக்கத்தில்.
* கோடு விழுந்தால் 1/50 அல்லது 1/100.
* உறைய 1/125, கரைய 1/15, ஓட 1/4.
* ஓரமாக நில்லுங்கள். பெட்டியோடு வருகிறவருக்கு வழி விடுங்கள்.
* முதுகு, நிழல், கை, பெட்டி தாராளமாக. முகத்துக்கு மட்டும் அனுமதி.

அடுத்த முறை யாரையாவது வழியனுப்ப ஏர்போர்ட் போகும்போது முயற்சி செய்து பாருங்கள். முதல் படத்தை உங்கள் வீட்டுக்காரரையே வைத்து எடுங்கள். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் போகும் அந்த முதுகு, அவர் திரும்பி வரும்வரை வீட்டில் எல்லோரும் எடுத்து எடுத்துப் பார்க்கிற படமாக இருக்கும்.