கோடுகளுக்குள் ஒரு காடு

திருகோணமலை பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் கடலை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. இயற்கைத் துறைமுகத்தின் ஆழமும், அதன்பொருட்டுப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் நிகழ்த்திய போட்டியுமே அவற்றின் பொருளாயின. ஆயின் துறைமுகத்தின் பின்புறத்தே காடு விரிந்து கிடந்தது. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1679இலேயே அவரால் தப்ப முடிந்தது. யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவிய காடு, கரையோர மக்களுக்கு வாழ்வளிப்பதாகவும் அச்சந் தருவதாகவும் ஒருங்கே விளங்கியது.

அத்தகைய காட்டை மனிதர் இளைப்பாறும் இடமாகவும் ஆக்கிக்கொண்டனர் என்பதற்கு ஆடுபுலி ஆட்டம் சான்றாகும். ஒரு முக்கோணமும் அதனை ஊடறுக்கும் கோடுகளும் 23 சந்திகளைத் தருகின்றன. அவையே காடு. ஒருவருக்குப் புலிகள் 3. மற்றவருக்கு ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படும். எல்லாம் இறங்கும்வரை அவை நகரலாகா. அருகிலுள்ள ஆட்டைத் தாண்டி வெறுஞ்சந்தியிற் குதிக்கும் புலி அதனை வெட்டும். ஆடுகளோ புலிகளை அசையவிடாது அடைத்து வெல்லும். உண்மைக் காட்டில் ஆட்டுக்கு இல்லாத வெற்றி இக்காட்டில் உண்டு; அதற்கு வேண்டுவது வலிமையன்று, கூட்டமும் பொறுமையுமாம்.

இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டு விளையாட்டுகளையும் விவரித்தார். அவற்றுள் ஒன்றன் சிங்களப் பெயர் 'தெமள திவியன் கெளிய' என்பதாகும். 'தமிழரின் சிறுத்தை விளையாட்டு' என்பது அதன் பொருள். அதிலும் வேட்டை விலங்குகள் மூன்றே. இப்பெயர் இரு செய்திகளை உணர்த்துகின்றது. இலங்கைக் காடுகளிற் புலி வாழ்வதில்லை. ஆகவே தமிழகத்துப் புலி இத்தீவிற் சிறுத்தையாயிற்று. இது முதலாவது. சிங்கள மக்கள் இவ்விளையாட்டைத் தமிழருடையதென்று அறிந்து, அவ்வாறே பெயரிட்டு வழங்கினர் என்பது இரண்டாவது. கல்வெட்டுகளும் போர்க்குறிப்புகளும் மன்னரின் பகையைக் கூறுமிடத்து, இப்பெயர் சாதாரண மக்களின் பழக்கத்தைக் கூறுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் திருகோணமலை மாவட்டத்திற்கு இச்சான்றின் பெறுமதி சிறிதன்று.

இன்று கணினித் திரையிலே மாயவனங்களைக் கண்டு, அவற்றுள் உலாவி மனவமைதி பெறுவோர் பலர். அவர் நாடுவதும் இடரற்ற காட்டையே. எனினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. திரையிலுள்ள வனத்திற் தனியொருவர் உலாவலாம். ஆடுபுலிக் காட்டுக்குக் கரித்துண்டும் கூழாங்கற்களும் போதுமாயினும், எதிரே ஒருவர் அமராவிடின் அது தோன்றுவதேயில்லை.

துறைமுகங்களின் வரலாறு கோட்டைகளிற் காக்கப்படுகின்றது. தரையிற் கீறிய கோடுகளோ அடுத்த மழையோடு அழிவன. அவற்றை ஆடியறிந்த முதியோர் உள்ளபோதே விதிகளையும் சொற்களையும் ஊர்தோறும் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.