தான்றி மரத்தடிக் கணக்கு

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவாலும் அதிவீரராம பாண்டியரின் நைடதத்தாலும் நளன் கதை தமிழ் மக்கள் அறிந்த கதையாயிற்று. சூதாடி நாடிழந்தவன் நளன் என்பதை நாம் மறப்பதில்லை. இழந்ததை மீட்க அவனுக்கு உதவியது எது என்பதைக் கருதுவோர் சிலரே.

வாகுவன் என்னும் பெயரில் தேரோட்டிச் செல்லும் நளனுக்கு, இருதுபன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தைக் காட்டுகிறான். அதன் இரு கிளைகளில் 2,095 காய்கள் உள்ளன என்று அவன் சொல்வதாக வியாசபாரதம் கூறும். நளன் மரத்தை வீழ்த்தி எண்ணுகிறான், கணக்குச் சரியாகிறது. தன் குதிரை நூலை அவனுக்கு அளித்து, அவனிடமிருந்து சூதின் மறைபொருளைப் பெறுகிறான். அவ்வறிவு வந்த அளவில் கலி நீங்கியது. அத்தான்றிக் காயே பண்டு சூதுக் காயாகவும் பயன்பட்டது.

மதிப்பிடும் கலையும் சூதின் கலையும் ஒருவனிடமே இருந்தன என்பதை இயன் ஹாக்கிங் என்னும் கனடிய அறிஞர் 1975 இல் எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவிலோ, பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654 இல் சூதாட்டப் பங்கீடு பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

இருதுபன்னன் கலை நமக்குப் புதிதன்று. செம்பனைத் தோட்டங்களில் சில மரங்களின் பழுக்காத குலைகளை எண்ணி, வரும் மாதங்களின் விளைச்சலை மதிப்பிடுகின்றனர். அந்தக் கணக்கறிந்த கோல சிலாங்கூர் வட்டாரத் தொழிலாளியே நம்பர்க் கடையில், “இந்த எண் நெடுநாளாக விழவில்லை, இனி விழுந்தே தீரும்” என்கிறார். மலேசியாவில் 1969 இல் உரிமம் பெற்றுத் தொடங்கிய நான்கிலக்கக் குலுக்கலில் கூலிப் பணம் இவ்வாறே கரைகிறது.

இஃது அறியாமையா? அன்று. நெடுநாள் பெய்யாத மழை பருவம் வந்தால் பெய்கிறது. சென்ற ஆண்டு காய்க்காத டுரியான் இவ்வாண்டு காய்க்கிறது. அங்கெல்லாம் நேற்றைய நிலை இன்றைய நிலையைத் தாக்கும். குலுக்கல் உருளைக்கோ நேற்றைய நினைவு கிடையாது. 0000 முதல் 9999 வரை எண்கள் 10,000. முதற்பரிசுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ள வாய்ப்பு 10,000 இல் ஒன்றே. 10,000 முறை குலுக்கினாலும், நூற்றுக்கு ஏறக்குறைய 37 எண்கள் ஒருமுறைகூட முதற்பரிசு பெறா. வாரம் மூன்று குலுக்கலென்றால் இது 64 ஆண்டுக் கணக்காகும்!

இத்தகைய பிழைகளைக் கானெமனும் டிவெர்ஸ்கியும் 1974 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். தற்செயல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என மக்கள் நம்புவதையும் சுட்டினர். ஜெர்மானியரான கிகெரென்சரும் ஹோப்ரேகும் 1995 இல் மறுபுறத்தைக் காட்டினர்: நூற்றுவீதமாகச் சொன்னால் தடுமாறும் மக்கள், “ஆயிரம் பேரில் இத்தனை பேர்” என எண்ணிக்கையாகச் சொன்னால் மிகுதியாகச் சரியான விடை காண்கின்றனர்.

ஆகவே, தவறுவோரை மூடரென்று இகழ்வதால் பயனில்லை. எந்தக் கணக்கு எங்கே பொருந்தும் என்பதே கற்பிக்க வேண்டிய பாடம். ஆசிரியர்கள் இதற்குப் புதுநூல் தேட வேண்டியதில்லை. மாணவரிடம் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தேய்த்து உருட்டச் சொல்லலாம். வெள்ளை தொடர்ந்து ஐந்து முறை விழுந்த பின் ஆறாம் முறை என்ன விழுந்தது என்று நூறு தடவையேனும் குறித்து வரட்டும். சூதை ஒழிக்க அறவுரை மட்டும் போதாது, எண்ணும் வேண்டும். நளனை விட்டுக் கலி அகன்றதும் அறிவு வந்த பின்னரே என்பதை நினைவிற் கொள்வோமாக.