ஆழியின் அடியில் ஓர் ஒளிவழி

எட்டுத்தொகையில் பாடல்கள் இடம்பெற்ற புலவருள் ஈழத்துப் பூதன்தேவனாரும் ஒருவர். புகார்த் துறையில் குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. பண்டமும் பாட்டும் ஒரே கடலைக் கடந்து வந்தன என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகளாம். பின்வந்த நூற்றாண்டுகளில் சொல் அக்கடலைக் கடக்கப் புதுப்புது வழிகள் அமைந்தன. ஒவ்வொரு வழியும் எந்தக் கரையில் தொடங்கி எந்தக் கரையில் முடிந்தது, அதனால் யாருடைய சொல் யாரை எட்டிற்று என்பதே இங்கு ஆராயப்படுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கலமும் நீராவிக் கப்பலும் தமிழைச் சுமந்தன. ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்குவதற்காக 1849இல் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடு ஒரு கரையிலும் அச்சு மறு கரையிலுமாக இருந்தபோதும் புலமை ஒன்றாகவே இயங்கியது. 1850களின் இறுதியில் மன்னார் வழியாகத் தந்தி இணைப்பு ஏற்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்ற அவ்வழி ஆட்சிக்கும் வணிகத்துக்கும் பயன்பட்டது. பாட்டுக்கு அங்கே இடமில்லை.

பயண வழிகள் இரண்டாக அமைந்தன. ஒன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்வது. வ.உ. சிதம்பரனார் 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனம் அந்நியக் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து நின்றது இவ்வழியில்தான். மற்றொன்று 1914இல் திறக்கப்பட்ட தனுஷ்கோடி - தலைமன்னார் வழி. இரயிலும் கப்பலும் இணைந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கி இவ்வழியே கடந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பல் போக்குவரத்தும் 1980களில் போரினால் நின்றுபோயிற்று. தொழிலாளர் கடந்துசென்ற அதே மண்டபத்தில் அகதிகள் வந்து தங்கினர்.

இனி ஒளியிழைக்கு வருவோம். மாசு நீக்கிய கண்ணாடி இழையில் ஒளி நெடுந்தொலைவு செல்லக்கூடும் என்று 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகியோர் எழுதிக் காட்டினர். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைமயிர் அளவே தடித்த இழையின் வழியே, ஒளித்துடிப்புகளாக உருமாறிய சொல் செல்கிறது. பல நாடுகளைத் தொடுத்த நெடுவடங்கள் முன்பே இலங்கையைத் தொட்டிருந்தன. இந்தியாவையும் இலங்கையையும் மட்டுமே நேராக இணைத்த பாரத் லங்கா வடம் 2006இல் செயற்பட்டது. பாரத் சஞ்சார் நிகமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் இணைந்து அமைத்த அவ்வடம் தூத்துக்குடியில் தொடங்கிக் கொழும்பை அடுத்த கல்கிசையில் முடிந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஒளி அதனைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கும் வேண்டியதில்லை. சிதம்பரனாரின் கப்பல் நிறுவனம் தோன்றி நூறாண்டு நிறைந்த அதே ஆண்டில், அதே துறையிலிருந்து இவ்வழி திறந்தமை நினைக்கத்தக்கது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டரே உள்ளது. அவ்வாறிருக்க, பத்து மடங்கு நீண்ட வழி ஏன் என்ற வினா எழலாம். பாக்கு நீரிணை ஆழமற்றது; நங்கூரமும் இழுவலையும் வடத்தை அறுக்கக்கூடிய இடம். மன்னார் வளைகுடாவோ ஆழமுடையது. தலைநகரின் தொலைபேசி நிலையங்களும் கொழும்பில்தான் இருந்தன. ஆகவே பொறியியல் நோக்கில் இவ்வழியைக் குறை கூற இயலாது.

ஆயினும் வரலாறு பொறியியலோடு முடிவதில்லை. அதே 2006 ஆகஸ்டில் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்தை ஏனைய பகுதிகளோடு இணைத்த ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. கடலுக்கடியில் ஒளிவழி திறந்த ஆண்டிலேயே குடாநாட்டு மக்களுக்குத் தரைவழி அடைபட்டது. தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்கு ஒரு சொல் இமைக்கும் நேரத்தினும் விரைவாகச் சென்றது. தாமோதரம் பிள்ளையின் மண்ணிலிருந்து கொழும்புக்குத் தரைவழியே போக ஒருவருக்கு இயலவில்லை. இரு நாடுகள் இணைவது வேறு, இரு கரைகளின் மக்கள் இணைவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1985இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் கவிதைத் தொகுப்பு, இத்தகைய வடம் எதுவும் இல்லாத காலத்திலேயே தமிழகத்து வாசகரை எட்டியது. இங்கே அதனை விரும்பிப் படிப்போர் இருந்தமையே அதற்கு வழியாயிற்று. 2011இல் தொடங்கிய தூத்துக்குடி - கொழும்புப் பயணக் கப்பல் சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டபோது, வடகரைக்கு நேர்வழி மீண்டும் பிறந்தது.

வடமும் கப்பலும் அரசுகளும் நிறுவனங்களும் அமைப்பவை. அவை எக்கரையில் முடியும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் மறுகரைக் கவிஞரின் நூலைத் தேடிப் படிப்பதும், படித்ததைப் பற்றி அவருக்கு எழுதுவதும், அவர் குரலை நம் அரங்கில் ஒலிக்கச் செய்வதும் நம் கையில் உள்ளவை. பத்தாண்டு நிறைவுறும் இவ்விலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் அப்பணியை மேற்கொள்ளுமாயின், பூதன்தேவனார் கடந்த கடலுக்கு நாமும் ஒரு துறையாக அமைவோம்.