வழிகாட்டிக் குழாய்: கழுத்துத் தமனிச் சிகிச்சை

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் அடைப்பு விழுந்தால், தொடை இடுக்கு வழியே ஸ்டென்ட் செல்லப் பாதை தரும் குழாய் இது. 8 பிரெஞ்சு அளவென்றால் வெளிவிட்டம் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர்.

சிக்கல் பெருந்தமனி வளைவில்தான். வயதும் ரத்தக்கொதிப்பும் வளைவை நீட்டிவிட, அங்கிருந்து கழுத்துக்குப் பிரியும் கிளையின் வாய் கீழே இறங்கிவிடும். குழாய் மேலே ஏறாமல் இதயப் பக்கமே வழுக்கும். அப்போது கொக்கிபோல் வளைந்த சிம்மன்ஸ் குழாயால் அந்த வாயைப் பிடித்து, விறைப்பான கம்பியை வெளிக் கழுத்துத் தமனியில் ஊன்றி, அதன்மேல் பெரிய குழாயை மெல்ல நகர்த்துவார்கள். இந்தக் கட்டத்தில் கம்பி அடைப்பில் உரசவே கூடாது. உதிரும் துணுக்கு நேரே மூளைக்குப் போகும். அப்படியும் ஏறாவிட்டால், மணிக்கட்டுத் தமனி வழியே முயல்வதுண்டு.

வாய் கோணி, கை தளர்ந்து, சில நிமிடங்களில் தானே சரியானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கழுத்துத் தமனி அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.