ஷத் அல் அரபு எல்லைத் தகராறு

டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆகிய நதிகள் தெற்கு ஈராக்கில் குர்னா என்னும் ஊரில் ஒன்றுகூடி, ஏறத்தாழ 200 கி.மீ. ஓடிப் பாரசீக வளைகுடாவில் கலக்கின்றன. இந்த ஆற்றை அரேபியர் ஷத் அல் அரபு என்றும், ஈரானியர் அர்வந்து ரூத் என்றும் அழைக்கின்றனர். இதன் கடைசிப் பகுதி ஈரானுக்கும் ஈராக்குக்கும் எல்லையாகும். ஈராக்கின் பாஸ்ரா துறைமுகமும், ஈரானின் கொர்ரம்ஷஹர் துறைமுகமும், அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இந்த நீர்வழியை நம்பியிருந்தன. எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் செல்கிறதா, ஈரானின் கரையோரமாகச் செல்கிறதா என்பதே தகராறு.

ஒப்பந்தங்கள்

1937 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அபாதான் போன்ற சில இடங்கள் தவிர, எல்லை ஈரானின் கரையோரமாகவே அமைந்தது. எனவே ஆற்றின் பெரும்பகுதி ஈராக்கின் வசம் இருந்தது. 1969 இல் ஈரான் மன்னர் முகமது ரேசா ஷா இந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். மேலும், ஈராக் அரசை எதிர்த்துப் போராடிய முஸ்தபா பர்சானி தலைமையிலான குர்து மக்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தார்.

1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்சில், அல்ஜீரிய அதிபர் பூமதியனின் முயற்சியால் ஷாவும் சதாம் உசேனும் உடன்பாடு கண்டனர். ஆற்றின் ஆழமான நீரோட்டத்தின் நடுக்கோடே எல்லை என்று ஈராக் ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாகக் குர்துகளுக்கான உதவியை ஈரான் நிறுத்தியது. பேச்சில் குர்துகளுக்கு இடம் தரப்படவில்லை. சில வாரங்களிலேயே அவர்களது போராட்டம் முறிந்தது. ஏராளமானோர் ஈரானுக்கு அகதிகளாகச் சென்றனர்.

அப்போது ஈராக்கில் பாத் கட்சியின் ஆட்சி நடந்தது. ஈரானிலும் அதே மார்ச் மாதத்தில் ஷா ஒரு கட்சி ஆட்சி முறையைக் கொண்டுவந்தார். எல்லையைப் பற்றி இரு நாட்டு மக்களும் கருத்துச் சொல்ல வழியே இல்லை.

போர்

1979 இல் ஈரானில் புரட்சி வென்று, ஆயத்துல்லா கொமேனி தலைவரானார். அதே ஆண்டு சதாம் ஈராக்கின் அதிபரானார். புரட்சியால் ஈரானின் இராணுவம் வலுவிழந்துவிட்டது என்று கருதிய அவர், 1980 செப்டம்பர் 17 அன்று ஒப்பந்தம் செல்லாது என அறிவித்தார். ஐந்து நாட்களில் படையெடுத்தார். கொர்ரம்ஷஹர் ஈராக்கிடம் வீழ்ந்தது.

ஈரானின் கூசெஸ்தான் மாகாணத்து அரேபியர் தம்மை வரவேற்பர் என ஈராக் எதிர்பார்த்தது; பெரும்பாலோர் வரவேற்கவில்லை. அதுபோலவே ஈராக்கின் ஷியா முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஈரானின் அழைப்பை ஏற்கவில்லை. ஆகவே இப்போரை அரேபியர்-பாரசீகர் போர் என்றோ, சன்னி-ஷியா போர் என்றோ மட்டும் விளக்குவது பொருந்தாது.

1982 மே மாதம் ஈரான் கொர்ரம்ஷஹரை மீட்டது. போர் அத்துடன் நிற்கவில்லை. ஜூலையில் ஈரான் படைகள் ஈராக்கினுள் நுழைந்தன. 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்னும் குர்து நகரின் மீது ஈராக் நச்சு வாயுக் குண்டுகளை வீசி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

முடிவு

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 598 ஆம் தீர்மானத்தின்படி 1988 ஆகஸ்ட் 20 அன்று போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டிருந்தனர்.

1990 ஆகஸ்டில் குவைத்தைக் கைப்பற்றிய சதாமுக்கு ஈரானுடன் அமைதி தேவைப்பட்டது. அதே மாதத்தில் 1975 ஆம் ஆண்டு உடன்பாட்டை மீண்டும் ஏற்பதாக ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானிக்குத் தெரிவித்தார். எந்தக் கோட்டை மாற்றுவதற்காகப் போர் தொடங்கப்பட்டதோ, எட்டு ஆண்டுப் போருக்குப் பின் அதே கோட்டையே ஈராக் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.