ஒரு குழந்தை பிறந்ததால் தப்பித்த கோட்டை

லுவார் நதிக்கரைக் கோட்டைகள் என்றதும் எல்லாரும் ஷம்போர், ஷெனோன்சோ என்று ஓடிவிடுவார்கள். எனக்கென்னவோ ப்ளுவாதான் பிடிக்கும். ஊருக்கு நடுவில், மேட்டின் மேல் நிற்கிற அரண்மனை. அழகுப் போட்டி வைத்தால் ஜெயிக்காது. ஆனா முற்றத்தில் நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்றினால், நானூறு வருஷத்துக் கட்டடக்கலை ஒரே இடத்தில் தெரியும்.

மூத்தது 13ஆம் நூற்றாண்டு மண்டபம். ப்ளுவாவை ஆண்ட பிரபுக்கள் கட்டியது. நடுவே ஒரு வரிசைத் தூண்கள், மேலே இரண்டு படகுகளைக் கவிழ்த்து அடுத்தடுத்து வைத்த மாதிரி மரக்கூரை. அதை ஒட்டி, இந்தக் கோட்டையிலேயே பிறந்த பன்னிரண்டாம் லூயி 1498க்குப் பிறகு கட்டிய பகுதி: செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்து, அவரோட சின்னமான முள்ளம்பன்றியோடு. இதெல்லாம் இன்னும் கோதிக் பாணிதான்.

அடுத்து 1515ல் முதலாம் ஃப்ரான்சுவா வந்தார். இத்தாலி மேல் தீராத மோகம் மனுஷனுக்கு. முற்றத்துப் பக்கம் எண்கோண வடிவில், திறந்த மாடங்களோடு ஒரு சுழல் படிக்கட்டு வைத்தார் பாருங்க, அதுக்காகவே ப்ளுவா போகலாம். நெருப்பில் வாழும் என்று அந்தக் காலத்தில் நம்பிய சலமாண்டர், அதாவது பல்லி மாதிரி ஒரு பிராணி, அவரது சின்னம். சுவரெங்கும் அதுதான். ஊரைப் பார்த்த பக்கம் வத்திக்கான் மாடங்களைப் பார்த்துச் செய்தது. பழைய மதில் இருந்ததே, அதை இடிக்கவில்லை! அதற்கு வெளியே புது முகப்பைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தடிமனான கோட்டைச் சுவர் மாளிகைக்கு உள்ளே நிற்கிறது.

இதே பகுதியின் இரண்டாம் மாடியில்தான் 1588 டிசம்பர் 23 காலை, மூன்றாம் ஹென்றி தன் மெய்க்காவலர்களை விட்டு கிய்ஸ் கோமகனைக் குத்திக் கொன்றார். அடுத்த நாள் கோமகனின் தம்பி கார்டினலும் காலி. பதினைந்தே நாளில் ராஜாவின் அம்மா கத்தரீன் தெ மெடிசி இங்கேயே காலமானார். எட்டாம் மாதம் ராஜாவுக்கும் கத்திக்குத்து. வழிகாட்டிகள் இதைத்தான் நீட்டி முழக்குவார்கள். எனக்கு அடுத்த கதைதான் பெரிசு.

பதிமூன்றாம் லூயிக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகியும் பிள்ளை இல்லை. அப்போ அடுத்த ராஜா யார்? தம்பி கஸ்தோன். எப்பவும் சதி, கலகம் என்று அலைந்த ஆசாமி. அவரை ப்ளுவாவில் உட்கார வைத்தார்கள். வருங்கால ராஜா சும்மா இருப்பாரா? 1635ல் மான்சார் என்ற கட்டடக்கலைஞரைப் பிடித்தார். திட்டம் என்ன தெரியுமா? பழைய கோட்டை மொத்தத்தையும் இடித்துவிட்டு, புத்தம்புதுசாய் ஒரே பாணியில் அரண்மனை. படிக்கட்டு, சலமாண்டர் எல்லாம் அவுட்!

மேற்குப் பக்கம் முதலில் போயிற்று. கோயிலின் பாதி போயிற்று. ஃப்ரான்சுவா மாளிகையின் ஓர் ஓரத்திலும் கடப்பாரை விழுந்தது. முகப்புக்கு நடுவில் இருந்த அந்தப் படிக்கட்டு இப்போ ஒரு பக்கமாய் ஒதுங்கி நிற்பது அதனால்தான். நான் முதலில் பார்த்தபோது, கொத்தனார் அளவைத் தப்பவிட்டுட்டார் போல என்றுதான் நினைத்தேன் :-)

1638 செப்டம்பர் 5. ராணிக்கு ஆண் குழந்தை. பின்னாளில் வெர்சாய் கட்டிய பதினான்காம் லூயி அவர்தான். கஸ்தோன் இனி வாரிசு இல்லை. பணம் நின்றது, வேலையும் அப்படியே நின்றது. மான்சார் கட்டி முடித்த ஒரே ஒரு பக்கம் மட்டும் முற்றத்தில் நிற்கிறது. நேர்த்தியான, கணக்குப் பிசகாத கட்டடம். அது கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். மிச்ச மூணு பக்கமும் அப்படி ஆகியிருந்தால் நமக்கு இழப்பு என்னவென்றே தெரிந்திருக்காது.

கலகங்கள் ஓய்ந்து 1652ல் கஸ்தோன் திரும்ப ப்ளுவாவுக்கே துரத்தப்பட்டார். 1660ல் சாகும்வரை அவர் குடியிருந்தது, தான் இடிக்க நினைத்த அதே ஃப்ரான்சுவா மாளிகையில். புதுக் கட்டடத்தில் எப்படிக் குடியேறுவார், உள்ளே மாடிப்படியே வைக்கவில்லையே. அதை 1932ல்தான் கட்டினார்கள்.