படக்கதையும் பெற்றோர் முறையீடும்

பாடப்புத்தகத்தினுள் படக்கதையை ஒளித்து வைத்துப் படித்தல் கல்கிசைப் பிள்ளைக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கும் புதியதன்று. அதைக் கண்டு பெற்றோர் சினத்தலும் புதியதன்று. சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியும் அச்சினத்திற்குத் தப்பியிருக்க மாட்டான். ஆயினும் அச்சினம் வீட்டு வாயிலைக் கடந்து பாராளுமன்றங்களையும் நூலகங்களையும் எட்டிய வரலாறு அறியத்தக்கது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் பிரெடெரிக் வெர்த்தம் எழுதிய நூல், இளைஞரைக் குற்றத்திற்கு இழுப்பவை படக்கதைகளே என்று சாதித்தது. செனற் சபையின் உபகுழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதித்துக் கொண்டனர். (அரை நூற்றாண்டிற்கு மேல் கழிந்தபின், 2012இல், கரோல் டில்லி என்னும் நூலகவியல் அறிஞர் வெர்த்தத்தின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, அவர் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் எனக் காட்டினார். அச்சத்தின் ஆயுள் உண்மையின் ஆயுளிலும் நீண்டது போலும்!)

பிரித்தானியா 1955இலும் இந்தியா 1956இலும் சட்டம் இயற்றின. இந்தியச் சட்டம் இருபது வயதிற்குட்பட்டோரை இளையோர் எனக் கொண்டது. கொடுமையும் அருவருப்பும் மிகுந்த கதைகளை விற்போரையும் வாடகைக்கு விடுவோரையும் ஆறு மாதம் வரை சிறையிலிட வழி செய்தது. எனினும் அவ்விரு சட்டங்களிலும் ஒரு நிதானம் காணப்பட்டது. ஒரு படத்தையோ ஒரு பக்கத்தையோ கொண்டு தீர்ப்பளித்தல் ஆகாது. வெளியீடு முழுவதையும் நோக்கியே அது இளையோரைக் கெடுக்குமா என்று துணிதல் வேண்டும் என்பதே அது.

இந்த நிதானம் பிற்கால நூலகங்களில் எப்போதும் நிலைத்ததில்லை. ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டிற்குத் தப்பியவர் கெய்ஜி நாக்காசாவா. அவர் தம் அனுபவத்தைக் கொண்டு 1973 முதல் வரைந்த ‘வெறுங்கால் கென்’ பத்துத் தொகுதிகளாக யப்பானியப் பள்ளி நூலகங்களில் இடம் பெற்றிருந்தது. 2012இல் மட்சுயே நகரவாசி ஒருவர் அதனை அகற்றுமாறு முறையிட்டார். நகரசபை அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. ஆனால் கல்விச் சபையின் அலுவலகமோ, பிற்பகுதியிலுள்ள கொடுங்காட்சிகளைக் காரணங்காட்டி, பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிக்க இயலாதவாறு உள்ளறையில் வைக்கும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. கல்விச் சபை உறுப்பினரை அது கலந்துகொள்ளவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 2013 ஆகஸ்ட் 26இல் சபை கூடி, முறை தவறியது எனக் கண்டு, அக்கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்குள் நாக்காசாவா காலமாகிவிட்டார்.

தமிழும் ஆட்சிமொழியாகவுள்ள சிங்கப்பூரில் 2014 ஜூலையில் இன்னொரு வழக்கு எழுந்தது. அங்கு வழக்கிற்குள்ளானவை சிறு குழந்தைகளுக்கான நூல்கள். இரு ஆண் பென்குவின்கள் ஒரு குஞ்சை வளர்க்கும் கதை அவற்றுள் ஒன்று. முறையீடு வந்ததும் தேசிய நூலக வாரியம் மூன்று நூல்களை அடுக்கிலிருந்து எடுத்தது. ஒன்றைக் கூழாக்கியும் விட்டது. முறையிட்டோரும் பெற்றோரே, நூலக வளாகத்தில் பிள்ளைகளுடன் கூடியமர்ந்து அந்நூல்களை உரக்கப் படித்தோரிலும் பெற்றோர் இருந்தனர். எந்தப் பெற்றோரின் சொல்லை நூலகர் கேட்பது? முடிவில் அமைச்சர் தலையிட்டு, எஞ்சிய இரண்டையும் முதியோர் பிரிவில் வைக்கப் பணித்தார். விரும்பும் தாய் தந்தையர் அங்கிருந்து அவற்றை இரவல் பெற்றுத் தம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம் என்று ஆயிற்று. கூழான நூலுக்கு அவ்வழியும் இருக்கவில்லை.